சராசரி வேகம்

மாக்குமில், மதகுக்குப் பக்கத்துக் கடையில்
எட்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டோம்.
வந்திருந்தவர்கள் ஏழு பேர்.
சுவரோரம் சாய்த்த சைக்கிள்களில்
ஒன்றின் பெடல் மற்றொன்றின் கம்பிகளுக்குள்
நுழைந்துகொண்டிருந்தது.
கிளம்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

காப்பி வருமுன்னே வீப்ரென் அளக்கத் தொடங்கிவிட்டான்.
வியாழன் மாலை பெருங்கரைமேல் தனியாகப் போனானாம்.
அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் ஏரி,
நடுவே கோடு கிழித்த மாதிரி
முப்பத்திரண்டு கிலோமீட்டர்.
கிலோமீட்டருக்கு ஒரு பல்லாகக் கடித்துக்கொண்டு
கடைசிக் கடைவாய்ப்பல் தேய்ந்தபோது அக்கரை வந்ததாம்.
இவன் திரும்பினால், காற்றும் திரும்பிவிட்டதாம்.
போகையிலும் எதிர்காற்று, வருகையிலும் எதிர்காற்று.
வீப்ரெனுக்குப் பின்காற்று அடித்ததாக
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் பக்கம் மலை கிடையாது.
பங்கு வைத்தபோது விட்டுப்போய்
ஈடாகக் காற்றைக் கொடுத்தார்கள் போலிருக்கிறது.
மலைக்காவது
உச்சி என்று ஒன்று இருக்கும்.

ஷூக்யே தெற்கே லிம்பர்க் மேடுகளுக்குப் போய்வந்தாள்.
பாதி ஏற்றத்தில் இறங்கிவிட்டாள்.
பின்னால் வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று
போனை எடுத்து ஒரு பசுவைப் படம்பிடித்தாள்.
ஒன்றல்ல, பதினொரு படம்.
மேசையைச் சுற்றி வந்தது போன்.
எல்லாப் படத்திலும் அதே பசு
அவளையே பார்க்கிறது,
எனக்குத் தெரியும் என்பதுபோல.

புதுச் சக்கரம் வாங்கியதை
ஃபூக்யே எங்களிடம்தான் முதலில் சொன்னாள்.
விலையைக் குரல் தாழ்த்திச் சொன்னாள்.
வீட்டில், பழசைத்தான் கழுவினேன் என்றிருக்கிறாள்.

என் முறை வந்தது.
முழங்காலைப் பற்றிச் சொல்லவில்லை.
போன ஞாயிறு அறுபது கிலோமீட்டரும்
ஒருவனுடைய பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு
அவன் முதுகுக்குள் ஒளிந்து வந்ததையும் சொல்லவில்லை.
"நன்றாக இருந்தது" என்றேன்.
அந்த முதுகுக்குரிய நாற்காலிதான்
காலியாகக் கிடந்தது.

பதினொன்றே காலுக்கு வந்தான் ஹில்கே.
வெள்ளைச் சட்டையில் நெஞ்சுவரை பச்சைக் கறை.
கையுறையின் ஒட்டுப்பட்டையில்
ஒரு கொத்து ஆட்டுமயிர்.
"விழுந்துவிட்டாயா?"
"நானில்லை."

கரைச் சரிவில் ஒரு செம்மறி மல்லாந்து கிடந்ததாம்.
கத்தரிக்காத மயிர், மழையில் ஊறிய கனம்.
அப்படிக் கிடந்தால் தானாக எழாது,
வயிறு உப்பிச் செத்துப்போகும்,
இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.
வேலி தாண்டினான். சைக்கிள் ஷூ புல்லில் வழுக்கி
இரண்டு தரம் அவனே மல்லாந்தான்.
புரட்டி நிறுத்தினால் மறுபடி சாய்ந்தது.
தொடைகளுக்கு நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டு
அதன் கால்களுக்கு உணர்வு திரும்பும்வரை நின்றான்.
எவ்வளவு நேரம்?
தோளைக் குலுக்கினான்.

வீப்ரென் எழுந்துபோய்
ஹில்கேயின் கைப்பிடிக் கருவியை அமுக்கிப் பார்த்தான்.
நிறுத்த மறந்திருக்கிறான்.
சராசரி, பதினான்கு புள்ளி இரண்டு.
"என் மாமியார் பால் வாங்கப் போகிற வேகம்!"
மேசையே அதிர்ந்தது. ஹில்கேயும் சிரித்தான்.
சிரிப்பு ஓய்ந்தபிறகு ஷூக்யே கேட்டாள்:
"எழுந்ததும் என்ன செய்தது?"
"இருமியது. என் ஷூமேல் மூத்திரம் பெய்தது.
போய்விட்டது."

ஆப்பிள் கேக்கில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது.
வீப்ரென் தன் தட்டிலிருந்த க்ரீமையும்
வழித்து அதன்மேல் வைத்தான்,
எங்கோ பார்த்தபடி.

பெடலைக் கம்பியிலிருந்து விடுவிக்க
மூன்று பேர் தேவைப்பட்டது.
ஃபூக்யேயின் புதுச் சக்கரத்தில் ஒரு கீறல்.
இனிப் பழசு என்றே சொல்லலாம்.

வழக்கம்போல ஹில்கே முன்னால் போனான்.
மதகு தாண்டியதும் காற்று,
கதவைச் சாத்துகிற மாதிரி.
நான் இடப்பக்கம் விலகி, மிதித்து,
அவனைக் கடந்து முன்னே வந்தேன்.
ஒன்றும் சொல்லாமல்
என் பின்சக்கரத்துக்குப் பின்னே ஒடுங்கிக்கொண்டான்.
முழங்கால் பேச ஆரம்பித்தது.
பேசட்டும் என்று விட்டேன்.

நான்கு கிலோமீட்டர்.
அடுத்த ஞாயிறு
ஏழு என்று சொல்வேன்.